கடையோடு சேர்த்து

பிப்ரவரி 2

அன்புள்ள மச்சானுக்கு,

இதை எழுதுவது நான்தான். யாரையும் பிடித்து உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது மச்சான்! இந்த வரிக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. ஆகட்டும். இத்தனை வருஷம் சும்மா இருந்த கைக்கு அரை மணி என்ன பெரிது.

நாம் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. நீங்கள் வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று நம் இரும்புச் சாமான் கடை வாசலில் நின்று, "கடையைக் கட்டிடலாம் மச்சான், ரெண்டு பேருக்கும் வயசாச்சு" என்றேன். "எங்கப்பா ஆரம்பிச்ச கடைய நீ கட்டுவியா?" என்றீர்கள். அதற்கு நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது அப்படியே நிற்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

படித்த கதையைச் சொல்கிறேன். உங்கள் தங்கை கால் உடைந்து எங்கள் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம். "அடுத்த மாசம் வந்துடுறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள், "இனிமே வாயால சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க, நம்புறேன்" என்று வைத்துவிட்டாள். நான் கைநாட்டு என்று தெரிந்துதான் சொன்னாள். குத்தினாள். குத்தின இடம் நல்ல இடம். மறுநாள் மதியமே, ஆள் வராத இரண்டு மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிர்த்தெரு நூலகத்துக்குப் போனேன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் அங்கே சொல்லித்தருகிறார். பத்து மாதத்தில் வந்துவிட்டது.

ஆனால் உங்கள் தங்கைக்கு இன்னும் எழுதவில்லை. வருகிறேன் என்று எழுதினால் போயாக வேண்டுமே. எப்படிப் போவேன்? சுவர் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள். ஒன்றிலும் பெயர் இல்லை. திறந்து பார்த்தால் ஸ்பிரிங் என்று யாருக்கும் தெரியும். எதற்கான ஸ்பிரிங் என்று என் தலைக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போனேன். மறுநாளே மருத்துவமனைக் கட்டிலுக்குச் சக்கரத் திருகாணி கிடைக்கவில்லை என்று கார் அனுப்பி என்னைத் தூக்கிவந்தார்கள்.

பதில் எழுதுங்கள். நானே படிப்பேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

உறையைப் பிரித்ததும் எவனோ எழுதிக் கொடுத்தது என்றுதான் நினைத்தேன். 'குத்தின இடம் நல்ல இடம்' என்று படித்ததும், சரி, இவன்தான் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷம். கோபமும் இருக்கிறது. அது ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் இருப்பது பதினான்காவது மாடி. ஜன்னல் திறக்காது. திறக்கக் கூடாது என்றே செய்திருக்கிறார்கள். சட்டத்தைத் தடவிப் பார்த்தேன், கீலே கிடையாது. கீல் இல்லாததை ஜன்னல் என்று எந்த வாயால் சொல்வது? மகனும் மருமகளும் காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான். லிஃப்டுக்குள் ஒரு அட்டையைக் காட்டினால்தான் அது நகரும். எனக்கென்று அட்டை இல்லை. "வாங்கித் தரேம்பா" என்று மகன் சொல்லி எட்டு மாதம். செவ்வாய்க்கிழமை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைக் கீழே கூட்டிப்போகிறார். வயதானவர்களுக்கு அங்கே ஆங்கில வகுப்பு.

இந்த மாதம் டீச்சர் 'ஷாப்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடையில் என்ன மாதக்கணக்கில் படிக்க இருக்கிறது என்று நினைத்தேன். இருக்கிறது. ஒரே தொழில்காரர் இரண்டு பேர் ஒரு விருந்தில் சந்தித்து, தொழிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் 'ஷாப் பேசுகிறார்கள்' என்பார்களாம். மற்றவர்களுக்கு அது எரிச்சலாம். நான் கையைத் தூக்கி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "வேற என்னத்தப் பேசுறது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

இன்னொன்று. கடையை வாங்க ஒருவர் கிடைத்திருக்கிறார். பெயிண்ட் வியாபாரம் செய்பவர், நல்ல மாதிரி. கட்டுவது வேறு, கைமாற்றுவது வேறு. கடை அதே இடத்தில் அதே பெயரில் ஓடும். உனக்கு ஒப்பந்தத் தாள் வரும். வழக்கம்போலக் கட்டைவிரலை வைத்து அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மச்சான்


மார்ச் 3

மச்சானுக்கு,

தாள் வந்தது. கட்டைவிரலை வைக்கும் முன் படித்தேன். நீங்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும்தான்.

இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து ஊர்ந்தேன். கடையோடு சேர்த்து என்னென்ன போகிறது என்று ஒரு பட்டியல். முதல் வரி பெயர்ப்பலகை. பிறகு மேசை, தராசு, இழுப்பறைகள், சரக்கு. ஆறாவது வரி ஏணி. ஏழாவது, 'தற்போதைய பொறுப்பாளர் ஐந்து ஆண்டுகள் கடையிலேயே தங்கிப் பணிபுரிவார்.' எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை. தபால்கார அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"தற்போதைய பொறுப்பாளர்னா யாரும்மா?"

"இப்ப கடையில யார் இருக்காங்களோ அவங்க."

"நான்தான் இருக்கேன்."

"அப்ப நீங்கதான்யா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏணிக்கு அடுத்த வரி நான், மச்சான். ஏணிக்காவது ஐந்து வருஷம் என்று எழுதவில்லை.

நான் படுக்கிற பின்னறையை உங்களுக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னல் திறக்கும், உங்களுடையதைப் போல இல்லை. திறந்தால் ஒரு முழத்தில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். உங்கள் தங்கை போனதிலிருந்து அந்தச் சுவரிடம்தான் பேசுகிறேன். இன்னும் ஐந்து வருஷம் என்றால் எனக்கு எழுபத்தேழு, அவளுக்கு எழுபத்து நான்கு. அதுவும் இரண்டு பேரும் இருந்தால்.

உங்கள் டீச்சரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். ஆளையும் கடையோடு சேர்த்து விற்பதற்கு அந்தப் பாஷையில் என்ன சொல்வார்கள்?

தாளைத் திருப்பி அனுப்பவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மாப்பிள்ளை


மார்ச் 18

மாப்பிள்ளைக்கு,

கோபப்படாதே. அது வாங்குபவர் போட்ட நிபந்தனை. எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத சுவரை யார் வாங்குவார்? உன் தலைக்குள் இருப்பது அவருக்கும் வேண்டுமல்லவா? நீ இல்லையென்றால் அது கடை இல்லை, இரும்புக் குப்பை. உன் பெருமையைத்தான் சொல்கிறேன்.

நேற்று வகுப்பில் இன்னொன்று சொன்னார்கள். உதவி கிடைக்காத ஆளிடம் போய் உதவி கேட்டால், 'தப்பான ஷாப்புக்கு வந்துவிட்டாய்' என்பார்களாம். நீ என்னிடம் வந்து நியாயம் கேட்பதும் அப்படித்தான். பதினான்காவது மாடியில் அட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பவன் உன்னை எங்கே விடுவிப்பது?

இன்னொன்றும் உண்டு. பொருளெல்லாம் ஒழுங்கில்லாமல் இறைந்து கிடந்தால் 'ஷாப் முழுக்கக் கிடக்கிறது' என்று சொல்வார்களாம். ஒழுங்காகக் கடை வைத்தவன் எவனும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். என் மனசு இப்போது அப்படித்தான் கிடக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மச்சான்


ஏப்ரல் 20

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு யோசனை வந்தது. தலைக்குள் இருப்பதால்தானே என்னைக் கேட்கிறார்கள்? தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து ஒட்டிவிட்டால்? எனக்குத்தான் எழுத்து வந்துவிட்டதே!

பழைய அட்டைப்பெட்டிகளைச் சீட்டு சீட்டாக நறுக்கினேன். ஒரு நாளைக்கு இருபது. ஏணியில் ஏறி ஒட்டுவேன், இறங்கி வந்து தூர நின்று படிப்பேன், மறுபடி ஏறுவேன். இருபத்தோரு நாள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை. நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்த அன்று நானே வாங்குபவருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் போய்ப் படித்தார்.

"பெரியவரே, 'பல் டாக்டர் நாற்காலி'ன்னு போட்டிருக்கே?"

"ஆமாங்க. அது பல் டாக்டர் நாற்காலிதான்."

திறந்தார். "உள்ள நட்டு இருக்கு."

"அந்த நட்டுதாங்க. அவர் நாற்காலிக்குன்னு முதல்ல அவர்தான் கேட்டார். இருபது வருஷம் முன்னாடி."

"'மாடி வீட்டு அழுகை'?"

"குழந்தை வண்டிக்கு ஸ்பிரிங். அந்தக் குழந்தை ஓயாம அழும்."

"'ரொட்டிக்காரர் ரெண்டாம் கல்யாணம்'? இது என்ன, சரக்கா, ஊர்வம்பா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது மச்சான். ஒரு பொருளை யார் முதலில் கேட்டு வந்தாரோ அவர் பேரில்தான் என் தலைக்குள் இழுப்பறை. தலையில் இருந்தது அப்படியே சீட்டில் வந்துவிட்டது. அளவு எனக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். எந்தக் கம்பெனிச் சரக்கு என்பதும் தெரியாது. வாங்கிப்போடுவது எப்போதும் நீங்கள்.

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். என் தோளில் கையை வைத்து, "உங்க மச்சான் சொன்னது சரியாத்தான் இருக்கு. இந்தச் சீட்டப் படிச்சு அர்த்தம் சொல்லவும் நீங்கதான் வேணும்" என்றார்.

முன்பு கதவு மட்டும்தான் பூட்டியிருந்தது. இப்போது என் கையாலேயே நானூற்றுப் பன்னிரண்டு தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை


மே 6

மாப்பிள்ளைக்கு,

ரொட்டிக்காரர் ரெண்டாம் கல்யாணம்! நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெண்மணி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வந்து கதவைத் தட்டினார்.

புது மனைவி கொண்டுவந்த அலமாரிக்குக் கீல். இரண்டரை அங்குலம், பித்தளை, இடப்பக்கம், ஆறு துளை. பல் டாக்டருடையது கால் அங்குலம், மெல்லிய மரை. மாடி வீட்டு அழுகைக்கு ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஸ்பிரிங், இப்போது அதைச் செய்பவர் ஒரே ஒருவர்தான். பார்த்தாயா? உன் சீட்டைப் படிக்க இன்னொருவன் இருக்கிறான்.

வரிசையாக எழுதி அனுப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொன்றுக்கும் நேராக அளவும் கிடைக்கும் இடமும் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். முடிந்ததும் அந்த மனிதரிடம் கொடு. அப்புறம் அவருக்கு உன்னிடம் என்ன வேலை?

சீக்கிரம் அனுப்பு. இங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

மச்சான்


ஜூன் 11

மச்சானுக்கு,

முதல் நூற்றிருபதும் வந்து சேர்ந்தன. அடுத்த நூற்றிருபது இதோடு இருக்கிறது. 'கோபக்கார வாத்தியார்' எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், எனக்கே ஆச்சரியம். பள்ளிக்கூடக் கரும்பலகையை உயர்த்தும் கப்பி மச்சான்! நாம் இரண்டு பேரும்தானே போய் மாட்டினோம்? நீங்கள் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லப்போய், அவர் இன்னும் கோபமானாரே?

கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உங்கள் எழுத்தைப் படிக்கிறேன். 'கால் அங்குலம், மெல்லிய மரை' என்று சத்தமாகப் படித்தால் பாட்டுப்போல இருக்கிறது.

உங்கள் தங்கைக்கு முதல் கடிதம் போட்டுவிட்டேன். ஒரே வரி. 'அக்டோபரில் வருகிறேன்.' எழுதிவிட்டேன் மச்சான். இனி மாற்ற முடியாது.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 30

மச்சானுக்கு,

முன்னூற்று எழுபத்திரண்டு வந்துவிட்டன. கடைசி நாற்பது வரவில்லை. ஏழு வாரம் ஆகிறது. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா நல்லா இருக்காரே மாமா, தினமும் உங்க தாளத்தான் வெச்சுப் பாத்துட்டு இருக்கார்" என்றான்.

முந்தாநாள் வாங்குபவர் வந்திருந்தார். இன்னும் நாற்பதுதான், வந்ததும் அந்த ஏழாவது வரியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அத நான் போடலையே பெரியவரே. உங்க மச்சான்தான் போடச் சொன்னார். நீங்க இல்லாம கடை ஓடாது, நீங்களும் அதத்தான் விரும்புறீங்கன்னார். நான் சரின்னேன்."

மேசை இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

எனக்குக் கோபமாக எழுத இன்னும் பழக்கம் வரவில்லை. மெதுவாக எழுதுவதால் ஒரு வரி முடிவதற்குள் கோபம் வருத்தமாகிவிடுகிறது. அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏன்?

மாப்பிள்ளை


செப்டம்பர் 14

மாப்பிள்ளை,

'ஷாப்' என்பதை வினைச்சொல்லாகவும் சொல்வார்களாம். ஒருத்தன் இன்னொருத்தனை 'ஷாப் செய்தான்' என்றால் காட்டிக்கொடுத்தான் என்று அர்த்தம். கூட்டாளியைப் போலீசிடம் காட்டிக்கொடுக்கும் திருடனை உதாரணமாகச் சொன்னார் டீச்சர். அன்று வகுப்பு முடியும்வரை நான் தலை நிமிரவில்லை. நீ மார்ச்சில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருப்பது இந்தப் பதில்தான்.

ஏழாவது வரி என்னுடையது.

காலையில் எழுந்ததும் அங்கே மணி என்ன என்று கணக்குப் பார்ப்பேன். இப்போது ஷட்டரைத் தூக்குகிறான். இப்போது ஏணியை வலப்பக்கம் நகர்த்துகிறான். இப்போது எவனோ பேரம் பேசுகிறான், இவன் காது கேட்காத மாதிரி நிற்கிறான். இப்படியே பொழுது போய்விடும். நீ அங்கே நின்றால் நானும் பாதி அங்கே நிற்பேன். நீயும் போய்விட்டால் எனக்கு இந்த ஜன்னல்தான். உன்னைப் பூட்டி வைத்தால்தான் நான் வெளியே இருப்பதுபோல எனக்கு இருந்தது. இதை எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

அந்த நாற்பதை ஜூலையிலேயே முடித்துவிட்டேன். அனுப்பினால் உன்னிடமிருந்து இனிக் கடிதம் வர என்ன காரணம் இருக்கிறது என்று தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். என் தங்கைக்கும் சேர்த்துத்தான் இந்தத் துரோகம். அவளிடம் நீயே சொல். எனக்குத் தைரியம் இல்லை.

நாற்பதும் இதோடு இருக்கின்றன. 'சலூன் கண்ணாடி' மட்டும் எனக்கு நிச்சயமில்லை. முக்கால் அங்குலமாக இருக்கலாம்.

மச்சான்


அக்டோபர் 9

மச்சானுக்கு,

சலூன் கண்ணாடி அரை அங்குலம். அளந்து பார்த்துத் திருத்திவிட்டேன்.

ஏழாவது வரியின் மேல் கோடு போட்டு, வாங்குபவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன். கட்டைவிரல் இல்லை, பெயர். கொஞ்சம் நீளமாகப் போய்க் கட்டத்தைத் தாண்டிவிட்டது. "பரவால்ல" என்றார். ஐந்து நாள் கூட இருந்து பார்த்தேன். என் சீட்டுகளை அவர் கிழிக்கவில்லை. அவற்றுக்குக் கீழே உங்கள் அளவுகளை அச்சடித்து ஒட்டியிருக்கிறார். ஆறாம் நாள் பஸ் ஏறினேன். எட்டு மணி நேரம் பயணம். வழியிலிருக்கிற பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "இந்த அண்ணன் சின்ன வயசுலயும் இப்படித்தான், தான் விளையாட முடியலன்னா பந்தை எடுத்து ஒளிச்சு வைப்பான்" என்றாள். அன்று முழுக்க என்னிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்கும் உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுகிறேன். கடிதம் போட இழுப்பறை காரணமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் முதலில் மகனிடம் வாயைத் திறந்து அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கீழே இறங்கித் தெருவைப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கதவு தொங்கிவிட்டது. மேல் கீல் தேய்ந்து போயிருக்கிறது. நான் எங்கே வேலை பார்த்தேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. கீலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஐயா, இது என்ன அளவு? எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். எனக்கு விரல் குறுகுறுத்தது. உங்கள் தாள்களில் படித்த அளவு, துளை, கிடைக்கும் இடம், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. உங்கள் தங்கை நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையேங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்து வருஷத்தில் இந்தச் சொல்லை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை மச்சான். எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா?

உங்கள் மாப்பிள்ளை